செயற்கைக்கோள் கடலடியைப் பார்ப்பதில்லை

சுங்கை சிப்புட்டில் என் டியூஷனுக்கு வரும் படிவம் ஐந்து பிள்ளைகள், அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலின் ஆழப்படம் ஒன்றை வண்ணம் தீட்டிக் கொண்டுவந்தார்கள். “சேட்டிலைட் அடிவரைக்கும் பார்த்து அளந்தது சார்” என்றாள் ஒருத்தி. முதல் தவறே இதுதான்.

எங்கள் அப்பா தோட்டத்துப் பாமாயில் மில்லில் தொட்டி அளப்பவர். மேலே ஏறி, மூடியைத் திறந்து, டேப்பை விடுவார். வாய் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம்வரை எவ்வளவு என்று குறிப்பார். செயற்கைக்கோளில் இருக்கும் உயரம் அளக்கும் கருவியான ரேடார் அல்டிமீட்டரும் அப்படித்தான். ரேடார் துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தை வைத்து நீர்ப்பரப்பின் தூரத்தைச் சொல்லும், தண்ணீருக்குள் இறங்காது. தொட்டியின் உயரம் தெரியாவிட்டால் அப்பாவின் கணக்கு வீண். செயற்கைக்கோளின் பாதை துல்லியமாகத் தெரியாவிட்டால் இதுவும் வீண்.

அப்புறம் ஆழம் எங்கிருந்து வந்தது? கடலடி மலை தன் ஈர்ப்பால் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. 2,000 மீட்டர் மலைக்கு மேலே கடல் ஏறக்குறைய 2 மீட்டர் புடைத்திருக்கும். பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்த மேடு, கப்பலில் போகிறவருக்குத் தெரியாது. அந்தப் புடைப்பிலிருந்து கணித்ததே ஆழம். சின்னக் குன்று இதில் தப்பிவிடும், வண்டலில் புதைந்த மலை கணிப்பைக் குழப்பிவிடும்.

துருவத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். மிதக்கும் பனிக்கட்டியின் உச்சியைக் கடல் மட்டமென எடுத்துக்கொண்டால் இருபது முப்பது சென்டிமீட்டர் பிசகும். இல்லாத மலை படத்தில் முளைக்கும். பனிக்கு நடுவே உள்ள பிளவுகளில் தண்ணீர் கண்ணாடிபோல அசையாமல் கிடக்கும். அங்கிருந்து எதிரொலி கூர்மையாக வரும், பனியிலிருந்து பரவலாக வரும். இந்த வேறுபாட்டை வைத்துப் பிரித்தெடுக்காமல் சராசரி போடுவது பெரிய தப்பு. 2018இல் ஏவிய ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் லேசர் பனித்தூளின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். கிரையோசாட்-2 செயற்கைக்கோளின் ரேடார் அதற்குள் ஓரளவு புகும். இரண்டையும் ஒன்றாகப் பாவித்தாலும் குழப்பம்தான்.

எந்தச் செயற்கைக்கோளின் தரவு என்பதையும் பாருங்கள். டோபெக்ஸ்/பொசைடன் 66 பாகை அட்சரேகைவரைதான் போனது. 2010இல் ஏவிய கிரையோசாட்-2 88 பாகையை எட்டும்.

காணாமல்போன எம்எச்370 விமானத்தைத் தேடியபோது தென் இந்தியப் பெருங்கடலில் முதலில் கப்பல்களை அனுப்பி, ஒலியால் ஆழம் அளக்கும் சோனாரால் கடலடியை அளக்க வேண்டியிருந்தது. கையிலிருந்த படத்தில் பெரும்பகுதி இந்த மாதிரிக் கணிப்புதான்.

உலகக் கடல்களின் ஆழத்தைத் தொகுக்கும் ஜெப்கோ திட்டத்தின் ஆழப்படத்தோடு, எந்தக் கட்டம் அளந்தது, எந்தக் கட்டம் கணித்தது என்று காட்டும் துணைக்கோப்பும் கிடைக்கிறது. பிள்ளைகள் அதைத் திறந்தே பார்க்கவில்லை. அன்று மாலை திறந்து பார்த்துவிட்டு, கணித்த இடங்களுக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டார்கள். பென்சிலைத்தான் பலமுறை சீவ வேண்டியதாயிற்று.