கிலவேயா இக்கி: எரிவாய்க்குள் இறங்கி ஏறும் வட்டப் பாதையை நடப்பது எப்படி

ஹவாய்த் தீவுகளில் பெரியதான ஹவாய் தீவில், எரிமலைத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது கிலவேயா இக்கி. பெரிய கிலவேயா எரிமலையின் உச்சியை ஒட்டிய துணை எரிவாய் இது. ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பள்ளத்தின் விளிம்பில் மழைக்காடு. அடியில் உறைந்து கிடக்கும் எரிமலைக் குழம்பு ஏரி. இரண்டையும் ஒரே சுற்றில் நடந்துவிடலாம். மொத்தத் தூரம் 5.3 கிலோமீட்டர். இறக்கமும் ஏற்றமும் 120 மீட்டர் சொச்சம். நிதானமாக நடந்தால் 2 முதல் 3 மணி நேரம்.

எண்களைப் பார்த்துவிட்டு, மாலை நடை போல இருக்கும் என்று நினைப்பவர்கள்தான் இங்கே சிரமப்படுகிறார்கள். மற்ற மலைகளில் தெம்பு இருக்கும்போது ஏறி, களைத்தபின் இறங்குவோம். இங்கே முதலில் இறக்கம். வெயிலில் காய்ந்து, தண்ணீரும் குறைந்த பிறகுதான் ஏற்றம். தண்ணீர், நேரம், திசை மூன்றையும் இதை மனத்தில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

கிளம்பும் முன்

ஹீலோ நகரிலிருந்து 11ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 48 கிலோமீட்டர். முக்கால் மணி நேரப் பயணம். கோனா பக்கத்திலிருந்து வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பூங்கா 24 மணி நேரமும் திறந்திருக்கும். நுழைவுக் கட்டணத்துக்கு ரொக்கத்தை நம்பாமல் கார்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் அன்று காலையிலேயே பூங்காவின் இணையதளத்தில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, பாதை திறந்திருக்கிறதா என்பது. 2024 டிசம்பர் 23 முதல் பக்கத்திலுள்ள ஹலேமாவுமாவு எரிவாயில் எரிமலை விட்டுவிட்டுப் பொங்கி வருகிறது. எரிமலைக் குழம்பு ஊற்றாக உயர எழும் நாட்களில், காற்று வீசும் திசையைப் பொறுத்துச் சாம்பலும் கண்ணாடி இழைகளும் பாதைகள் மேல் விழும். மயிரிழை போன்ற அந்தப் பொன்னிற இழைகள் எரிமலைக் குழம்பு காற்றில் நூலாக இழுபட்டு உறைந்தவை. கையால் தொடாதீர்கள், ஊதாதீர்கள். தோலில் குத்தும், கண்ணில் பட்டால் உறுத்தும். அவை தரையில் கிடக்கும் நாளில் கான்டாக்ட் லென்ஸைத் தவிர்த்து மூக்குக் கண்ணாடி அணிவது நல்லது.

இரண்டாவது, காற்றின் தரம். எரிமலை விடும் கந்தக டைஆக்சைடு காற்றில் கலந்து புகைமூட்டமாகப் பரவும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு அது உண்மையான ஆபத்து. அளவு கூடியிருக்கும் நாளில் அவர்கள் பள்ளத்துக்குள் இறங்கவே கூடாது. சாதாரணத் துணி முகக்கவசம் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

என்ன எடுத்துச் செல்வது

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். பாதையில் எங்கும் தண்ணீர் கிடைக்காது. பாதைக்கு வரும் முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். உப்பும் இனிப்பும் கலந்த நொறுக்குத் தீனி கொஞ்சம் இருக்கட்டும்.

காலுக்கு மூடிய ஷூ, அடிப்பக்கம் பல்லோடு இருக்க வேண்டும். செருப்பும் பட்டைச் செருப்பும் வேண்டாம். எரிமலைப் பாறையின் மேற்பரப்பு கண்ணாடிப் பொடி ஒட்டிய உப்புத்தாள்தான். தடுக்கி விழுந்தால் உள்ளங்கையும் முழங்காலும் கிழியும். அதனால்தான் முழங்காலுக்குக் கீழ் வரை மூடும் கால்சட்டை நல்லது என்கிறோம். குழந்தைகளுக்கு மெல்லிய தோட்டக் கையுறை போட்டுவிடலாம். ஊன்றுகோல் கொண்டுவருபவர்கள் அதன் இரும்பு நுனிக்கு ரப்பர் மூடி மாட்டுங்கள்; வெறும் நுனி வெடிப்புகளில் சிக்கும்.

உடை விஷயத்தில் இரண்டு பருவங்களுக்கும் சேர்த்துத் தயாராக வேண்டும். விளிம்பு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையைவிட 7, 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி. எந்த நேரமும் தூறல் வரலாம். பள்ளத்தின் அடியிலோ நிழல் என்பதே கிடையாது. கறுத்த பாறை வெயிலை வாங்கித் திரும்பக் கக்கும். லேசான மழைச்சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன் மூன்றும் பையில் இருக்கட்டும். குடை பயன்படாது, தரையில் காற்று பிய்த்துவிடும்.

கைபேசிச் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நேரம், எங்கே வண்டி நிறுத்துவது

கிலவேயா இக்கி காட்சிமுனையில் வண்டி நிறுத்துவதே வசதி. காலை 9 மணிக்குமுன் வந்தால் இடம் கிடைக்கும். பிறகு மதியம் தாண்டும் வரை நெரிசல்தான். காலையில் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளத் தரையிலிருந்து எழும் நீராவி குளிர்ந்த காற்றில்தான் நன்றாகக் கண்ணுக்குத் தெரியும். மாலையில் வருவதானால் 3 மணிக்குள்ளாவது நடக்கத் தொடங்கிவிடுங்கள். டிசம்பரில் 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காட்டுக்குள் இருட்டு அதைவிடச் சீக்கிரம் வரும்.

முதலில் ஷூவைச் சுத்தம் செய்யுங்கள்

பாதைத் தொடக்கத்தில் பிரஷ்ஷும் தெளிப்பானும் வைத்திருப்பார்கள். தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். இந்தக் காட்டின் முதுகெலும்பே ஓஹியா மரம். செராடோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை தாக்கினால் அந்த மரம் சில வாரங்களுக்குள்கூடக் காய்ந்து போகிறது. பூஞ்சை மண்ணோடு ஒட்டிக்கொண்டு நம் ஷூவில் ஊர்விட்டு ஊர் போகும். முதலில் பிரஷ்ஷால் அடிப்பக்க மண்ணை முழுக்க எடுங்கள், பிறகு 70% ஆல்கஹாலைத் தெளியுங்கள். மண்ணை எடுக்காமல் தெளித்தால் பலன் இல்லை; மருந்து மண்ணின் மேல்தான் படும், உள்ளே இருப்பது பிழைத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகும் இதையே ஒருமுறை செய்யுங்கள்.

திசை: இடஞ்சுழி

காட்சிமுனையில் பள்ளத்தைப் பார்த்து நின்றால், வலப்பக்கம் திரும்பி நடக்க வேண்டும். விளிம்பில் நடக்கும் வரை பள்ளம் உங்கள் இடக்கைப் பக்கம் இருந்தால் சரியான திசையில் போகிறீர்கள் என்று பொருள். பலர் நாஹுகூ குகைப் பக்கமாக வலஞ்சுழியில் போகிறார்கள், அதுவும் தவறில்லை. ஆனால் மேற்குச் சரிவு கல்படிகளும் கரடுமுரடும் கொண்டது. கிழக்குச் சரிவு கொண்டை ஊசி வளைவுகளாக, சீரான சாய்வில் போகிறது. களைத்த காலோடு ஏறுவதற்குக் கிழக்கே ஏற்றது. கடினமான பாறைக் குவியலையும் கால் தெம்பாக இருக்கும்போதே தாண்டிவிடலாம்.

தொடக்கத்தில் பாதை விளிம்பை ஒட்டி மழைக்காட்டுக்குள் மேற்காகப் போகும். ஆளுயரத்தைத் தாண்டிய ஹாப்பூ மரப்பெரணிகள், மேலே ஓஹியாவின் சிவப்புப் பூங்குஞ்சங்கள், அவற்றில் தேன் குடிக்கும் சிவந்த அபபானே குருவிகள். வேர்களும் ஈர இலைகளும் வழுக்கும். மரங்களுக்கிடையே அங்கங்கே பள்ளம் தெரியும் இடங்களில், தடுப்பு இல்லை என்பதற்காக ஓரத்துக்குப் போகாதீர்கள். 2018இல் கிலவேயா உச்சி சரிந்தபோது வந்த நிலநடுக்கங்களில் இப்பகுதியின் விளிம்புகளில் வெடிப்பு விட்டது. மேலே பெரணி மூடியிருக்க, அடியில் ஒன்றும் இல்லாத இடங்கள் உண்டு.

மேற்கு முனையில் பாதைகள் பிரியும். பைரன் லெட்ஜ் என்ற மேட்டுத்திட்டின் பக்கம் போகும் வழியில் நேராகப் போய்விடாமல், பெயர்ப்பலகையைப் படித்து, இடப்பக்கம் பள்ளத்துக்கு இறங்கும் வழியைப் பிடியுங்கள். பேச்சுச் சுவாரஸ்யத்தில் தவறவிடும் இடம் இது. கல்படிகளில் ஈரம் இருந்தால் பக்கவாட்டில் கால் வைத்து இறங்குங்கள்.

பள்ளத்தின் தரை

இறங்கியதும் வருவதுதான் மொத்தச் சுற்றிலும் மோசமான பகுதி: உடைந்து சாய்ந்து கிடக்கும் பாறைப் பலகைகள். 1959இல் இந்தப் பள்ளத்தில் நிரம்பிய எரிமலைக் குழம்பின் மேல் ஓடு படிந்தது. அடியில் குழம்பு வடிந்தும் சுருங்கியும் நடுப்பகுதி தாழ்ந்தபோது, ஓரத்து ஓடு நொறுங்கிச் சாய்ந்தது. அந்த நொறுங்கல் மேல்தான் நடக்கிறீர்கள். ஆடும் கல்லில் முழு எடையையும் போடாமல், முதலில் காலால் அழுத்திப் பாருங்கள். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே நடப்பதுதான் காரணம். நின்று எடுங்கள்.

வலப்பக்கம் செம்பழுப்பு நிறத்தில் உயர்ந்து நிற்கும் குன்று புஊ புஆயி. அதன் அடியில் இருக்கும் வாய்தான் எல்லாவற்றுக்கும் மூலம். 1959 நவம்பர் 14 இரவு பள்ளத்தின் சுவரில் பிளவு திறந்து வெடிப்பு தொடங்கியது. டிசம்பர் 20 வரை 17 கட்டங்களாகப் பொங்கியது. அதிகபட்ச ஊற்று 580 மீட்டர் உயரம் எழுந்தது. வடகிழக்கிலிருந்து வீசும் காற்று தணல் துண்டுகளைத் தென்மேற்கே தள்ளியதால் அந்தப் பக்கம் குன்று எழுந்தது, அதற்கப்பால் காடு கருகிப் புதைந்தது. நீங்கள் சற்றுமுன் நடந்து வந்த வடக்கு விளிம்பு பசுமையாகவே இருப்பதற்கும் அதே காற்றுதான் காரணம். குன்றின் மேல் ஏறாதீர்கள். தளர்ந்த கற்குவியல் அது, ஏறவும் அனுமதி இல்லை.

இப்போது சுவர்களை நிமிர்ந்து பாருங்கள். கோடையில் ஏரி வற்றினால் கரையில் பழைய நீர்மட்டம் கோடாகத் தெரியுமே, அதேபோலச் சுற்றிலும் ஒரு கறுத்த வரம்பு ஓடும். ஒவ்வொரு கட்டத்திலும் நிரம்பிய குழம்பு, பொங்கல் அடங்கியதும் அதே வாய்க்குள் திரும்ப வடிந்தது. வடிவதற்கு முன் நின்ற மட்டம்தான் அந்தக் கோடு.

உடைந்த பாறைப் பலகைகளைத் தாண்டியதும் தரை சமமாகும், வேகமாக நடக்கலாம். வழிகாட்ட அங்கங்கே ஆஹு என்னும் கல்லடுக்குகள் இருக்கும். பலர் நடந்து தேய்ந்ததால் பாதையும் மற்ற இடத்தைவிட வெளிறித் தெரியும். மூடுபனி இறங்கினால் தேய்ந்த தடத்தை நம்பாமல், அடுத்த ஆஹு கண்ணில் படும் வரை நின்ற இடத்திலேயே நில்லுங்கள். ஆசைக்காகப் புதிதாகக் கல் அடுக்காதீர்கள். அது பின்னால் வருபவரைத் தவறான பக்கம் இழுத்துவிடும். இருப்பதைக் கலைக்கவும் கூடாது.

கால்களுக்கு அடியில் இருப்பது 120 மீட்டருக்கு மேல் ஆழமான பாறை ஏரி. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தார் 1960 முதல் 1988 வரை பல தடவை இதில் துளையிட்டு, ஓடு எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளந்தார்கள். முழுதும் இறுகி முடிய 1990களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. பாறை இறுகினாலும் ஆழத்தில் சூடு இன்னும் இருக்கிறது. மழைநீர் வெடிப்பு வழியே இறங்கிச் சூடாகி ஆவியாக மேலே வருகிறது. ஆகவே மழை பெய்த மறுநாள் ஆவி அதிகம். அதன் மேல் முகத்தையோ கையையோ நீட்டாதீர்கள். வெடிப்பின் உதடு மெல்லியதாக இருக்கும், ஆவி சுடும்.

குனிந்து ஒரு வெடிப்பைப் பாருங்கள். ஈரம் தங்கும் இடுக்கில் முதலில் சிறு பெரணி, அதன் அருகே ஒரு சாண் உயர ஓஹியாக் கன்று, ஓஹெலோப் புதர். பாறையின் உடைந்த முகத்தில் பச்சை மணிகளாக மின்னுவது ஒலிவின் படிகம். குழம்போடு ஆழத்திலிருந்து மேலே வந்தது. பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். தேசியப் பூங்காவிலிருந்து கல்லை எடுப்பது குற்றம். அதோடு, ஹவாய் மக்களுக்கு இந்த எரிமலை பேலே தெய்வத்தின் இருப்பிடம். நம் கோயில் கருவறைக் கல்லை யாரும் பெயர்த்துக்கொண்டு போக விடமாட்டோம் அல்லவா? வாழைப்பழம், காசு, பூ என்று எதையும் காணிக்கையாக வைத்துவிட்டும் வராதீர்கள். நேநே வாத்துகள் எதிர்ப்பட்டால் தீனி போட வேண்டாம். போட்டால் மனிதரைத் தேடி வண்டி ஓடும் சாலைக்கு வந்து அடிபடும்.

தரையில் இருக்கும்போது நிலம் அதிர்ந்தால் சுவர்ப்பக்கம் ஓடாதீர்கள். கல் உருளும். நடுவிலேயே நில்லுங்கள்.

ஏற்றமும் திரும்பலும்

கிழக்கு முனையில் மறுபடியும் கொஞ்சம் உடைந்த பாறைகள், பிறகு காட்டுக்குள் ஏற்றம். ஏறுமுன் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். ஆளுக்கு அரை லிட்டராவது இதற்கென்று மிச்சம் இருக்க வேண்டும். பாதி வழியில்தான் பையைத் திறப்பேன் என்றால் தலைசுற்றல் வரும். கொண்டை ஊசி வளைவுகளில் குறுக்கு வழி எடுக்காதீர்கள், மண் அரித்துவிடும். அரை மணியில் மேலே வந்துவிடலாம்.

ஏறி முடியும் இடத்தில் நாஹுகூ வாகன நிறுத்தம். கழிப்பறையும் இங்கே உண்டு. சாலையைக் கடந்தால் நாஹுகூ குகை: எரிமலைக் குழம்பு ஓடிய குழாய். காலை 8 முதல் இரவு 8 வரை விளக்கு எரியும். தெம்பிருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் நீர் தேங்கியிருக்கும், கூரை சில இடங்களில் தாழ்வு. நாஹுகூவிலிருந்து காட்சிமுனைக்கு விளிம்பை ஒட்டிய பாதையிலேயே திரும்பலாம், 1 கிலோமீட்டருக்கும் குறைவு. சாலையில் நடக்காதீர்கள், வளைவில் வரும் வண்டிக்கு உங்களைத் தெரியாது.

வாயுவாலோ மழையாலோ இறங்க முடியாத நாளாக இருந்தால், புஊ புஆயி காட்சிமுனைக்கு வண்டியில் போய், அங்கிருந்து டெவஸ்டேஷன் பாதையில் நடக்கலாம். ஒருபக்கம் 800 மீட்டர் அளவுதான், தளம் போட்ட பாதை, பெரியவர்களுக்கும் ஏற்றது. 1959இல் கல்மாரியில் புதைந்த காடு அது. அந்தக் கறுப்புக் கற்களுக்கிடையே மரங்கள் மறுபடி வேர்பிடிக்கும் விதத்தை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஆனால் வாயு மிகுந்த நாளில் அந்தப் பாதையும் மூடப்படலாம் என்பதால், அங்கே போகும் முன்பும் இணையதளத்தைப் பாருங்கள்.