பழைய மிரர் படகு வாங்கியிருக்கிறீர்களா? பெயின்ட் டப்பாவை முதலில் தள்ளி வையுங்கள்

வசந்தம் வந்தால் போதும், இங்கே இங்கிலாந்தில் யாராவது ஒருவர் பழைய மிரர் பாய்மரப் படகை மலிவாக வாங்கிவிட்டு என்னைக் கூப்பிடுகிறார். 1962இல் ஜாக் ஹோல்ட்டும் பேரி பக்னெலும் ‘டெய்லி மிரர்’ நாளிதழின் ஆதரவில் உருவாக்கிய படகு இது. 3.3 மீட்டர் நீளம், சிவப்புப் பாய், வீட்டிலேயே பிளைவுட்டில் கட்டிக்கொள்ளலாம். 70,000க்கு மேல் கட்டப்பட்டதால் தோட்டத்து மூலைகளில் இன்னும் கிடைக்கிறது. கையுறை போடுங்கள், முகமூடி போடுங்கள் என்பதெல்லாம் டப்பாவிலேயே எழுதியிருக்கும். அதை விடுகிறேன். பலரும் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இற்ற மரத்தின் மேல் ஃபைபர்கிளாஸ் ஒட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். ஒருவர் கொண்டுவந்த படகு புதுப் பெயின்ட்டில் பளபளத்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். எல்லா இடத்திலும் ‘டக் டக்’. பின்பலகை அடிப்பலகையோடு சேரும் மூலையில் மட்டும் ‘தொப்’. சுரண்டினால் ஈரக் காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. முன்பு வைத்திருந்தவர் மரம் இற்றிருப்பதைப் பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டு மேலே கண்ணாடியிழைத் துணியும் ரெசின் பசையும் போட்டு மூடியிருக்கிறார். ஈரம் உள்ளேயே அடைபட்டு, ஒரு சாண் இற்றது ஒரு முழமாகிவிட்டது. வாங்கியவருக்குப் படகின் விலையைவிடப் பலகைச் செலவு அதிகம்.

எல்லோரும் கடல் தண்ணீரைத் திட்டுகிறார்கள். மரத்தை இற்க வைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. மழைத் தண்ணீர்தான் எதிரி. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்கு அங்கே வேலையில்லை. மிரரின் மிதவை அறைகளை (படகை மூழ்காமல் தாங்கும் காற்று அறைகள்) மூடியே போட்டுக் குளிர்காலத்தைக் கழித்தால், உள்ளே வேர்த்து அங்கிருந்தே இற்றுப்போகும்.

சரி, என்ன செய்வது? மூடிகளைக் கழற்றி, கூரைக்கடியில் வாரக்கணக்கில் காயவிடுங்கள். நல்ல மரம் தென்படும்வரை வெட்டுங்கள், பாவம் பார்க்காதீர்கள். புதுத் துண்டின் விளிம்பை 1:8 சரிவில் இழைத்து ஒட்டுங்கள், 5 மி.மீ. பலகைக்கு 40 மி.மீ. சரிவு. ஒட்டுவதற்கு எபாக்சிதான், அதாவது ரெசினையும் ஹார்டனரையும் (இறுகவைக்கும் திரவம்) கலந்து செய்யும் பசை. பாலியெஸ்டர் ரெசின் மலிவுதான், ஆனால் மரத்தை அவ்வளவு உறுதியாகப் பிடிக்காது. “படகை முதலில் கட்டியதே அதில்தானே?” என்பார்கள். ஆமாம், அதனால்தான் பலகை மூட்டுகளில் ஒட்டிய ஃபைபர்கிளாஸ் டேப்புகள் இப்போது உரிந்து வருகின்றன.

சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவது

எபாக்சியில் இது செல்லாது. விகிதம் மாறினால் கடைசிவரை பிசுபிசுக்கும். குளிராக இருந்தால் வேகமான ஹார்டனராகப் பார்த்து வாங்குங்கள்.

பித்தளை ஸ்க்ரூ

உப்புத் தண்ணீரில் துத்தநாகம் கரைந்து, ஸ்க்ரூ இளஞ்சிவப்பாகி முறியும். 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள்.

புதுப் பாய்

முதலில் படகு மிதக்கட்டும்.

மிதவை அறையைச் சோதிக்காமல் இறக்குவது

மூடியை இறுக்கி, ஒரு குழாயைச் சொருகி வாயால் லேசாக ஊதுங்கள். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். சைக்கிள் பம்ப் மட்டும் வேண்டாம். அழுத்தம் கூடினால், நீங்கள் பாடுபட்டு ஒட்டிய மூட்டே பிளந்துவிடும்.