நட்சத்திர மீன் வளர்ப்பு: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

சென்னை கொளத்தூரில் கடல் மீன் விற்கும் கடைக்குப் போனால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர மீன்தான் முதலில் கண்ணில் படும். ஓடாது, சண்டை போடாது, அழகாகவும் இருக்கும். வளர்ப்பது சுலபம் என்று தோன்றுவது இயல்புதான். நானும் அப்படி நினைத்துத்தான் நீல லிங்கியா என்ற வகையில் ஒன்றை வாங்கி வந்தேன். பத்தாவது நாள் அதன் கைகள் நுனியிலிருந்து கரைந்துகொண்டிருந்தன. அது தொட்டிக்குள் போன முதல் மணி நேரத்திலேயே நான் அதைக் கொன்றிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

மீன் வாங்கி வந்தால் பையைப் பதினைந்து நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு மீனைத் தொட்டியில் விடுவோம். நட்சத்திர மீனுக்கு இந்தப் பழக்கம் எமன். அதன் உடலுக்குள் ஓடுவது ரத்தம் இல்லை, கிட்டத்தட்ட கடல் நீரேதான். வெளியே உப்பு கூடினாலும் குறைந்தாலும் உள்ளேயும் அதேபோல் மாறும். அதைச் சமாளிக்க அதற்குச் சிறுநீரகம் கிடையாது. உலகத்தில் நன்னீரில் வாழும் நட்சத்திர மீன் ஒன்றுகூட இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். பல கடைகளில் மீனுக்கு நோய் வராமல் இருக்க உப்பைக் குறைத்து வைப்பார்கள். நம் தொட்டியின் உப்பளவோ (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) 1.025 இருக்கும். அந்த வித்தியாசத்தை ஒரே அடியாகத் தாண்ட வைத்தால் உடல் உடைந்துபோகும்.

அதனால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பையில் உள்ள தண்ணீரோடு ஒரு வாளியில் வைத்து, ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு என்று தொட்டித் தண்ணீரை இறக்குங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஆகட்டும். வாளியிலும் தொட்டியிலும் உப்பளவு ஒன்றான பிறகு மாற்றுங்கள். அளப்பதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிவிடுவது நல்லது. மிதவை மீட்டரை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன்.

மாற்றும்போது தண்ணீருக்கு வெளியே தூக்காதீர்கள். அது தோலில் உள்ள மெல்லிய செவுள்களாலும் குழாய்க் கால்களாலும் சுவாசிக்கிறது. காற்றில் அவை பயன்படாது. ஒரு டப்பாவைத் தண்ணீருக்குள் இறக்கி, அதற்குள் அதை ஏற்றி, அப்படியே கொண்டுபோங்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்த்து இழுக்கக் கூடாது, குழாய்க் கால்கள் அறுந்து கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

அடுத்தது பட்டினி. என்னை மிகவும் வருத்தும் தவறு இதுதான், ஏனென்றால் அது வெளியே தெரிவதில்லை. நட்சத்திர மீன் உணவைக் கைகளுக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பிகளில் சேமித்து வைக்கிறது. சாப்பாடு கிடைக்காவிட்டால் அந்தச் சேமிப்பையும், அப்புறம் தன் உடலையுமே கரைத்துப் பல மாதம் ஓட்டும். நாம் "ஆறு மாதம் நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று செத்துவிட்டது" என்போம். அந்த ஆறு மாதமும் அது பட்டினி கிடந்திருக்கும்.

ஒவ்வொரு வகைக்கும் சாப்பாடு வேறு. உடம்பில் கறுப்புக் கூம்புகள் உள்ள சாக்லேட் சிப் வகைக்கு இறால், கணவாய், மட்டி எல்லாம் பிடிக்கும். வாரத்தில் இரண்டு மூன்று முறை சின்னத் துண்டை அதன் அடியில் வைத்தால், மேலே படர்ந்து, இரைப்பையை வெளியே தள்ளி அங்கேயே செரிக்கும். பார்க்க வேண்டிய காட்சி அது! ஆனால் பவளம், கடற்பஞ்சு, மட்டி எல்லாவற்றையும் அதேபோல் தின்னும். பவளத் தொட்டியில் விடக் கூடாது. 30 செ.மீ. வரை வளரக்கூடியது என்பதையும் மறக்க வேண்டாம்.

நீல லிங்கியா அப்படி இல்லை. பாறை மேல் படியும் மெல்லிய படலத்தை மேய்ந்து வாழ்வது, நாம் வைக்கும் இறாலைப் பெரும்பாலும் சீண்டாது. நிறைய லைவ் ராக்கும் (சிற்றுயிர்கள் படிந்த கடல் பாறை), ஒரு வருடமாவது ஓடிய, 400 லிட்டராவது உள்ள தொட்டியும் இல்லாமல் அதை வாங்காதீர்கள் என்பது என் கருத்து. மணலைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் மணல் நட்சத்திரம் உண்மையில் மணலில் உள்ள புழு, நத்தை, சின்ன உயிர்களைத்தான் தின்கிறது. அவை தீர்ந்ததும் மணலுக்குள் புதைந்தபடியே பட்டினியால் சாகிறது, யார் கண்ணிலும் படாமல்.

மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் காப்பர் மருந்தை அதே தொட்டியில் ஊற்றாதீர்கள், நட்சத்திர மீனுக்கு அது விஷம். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள். காப்பர் மணலிலும் பாறையிலும் ஊறிப் பின்னாலும் கசியும், அதனால் பழைய தொட்டி வாங்கும்போது அதில் என்ன மருந்து போட்டார்கள் என்று கேளுங்கள்.

நம் ஊர் வெயிலில் இன்னொரு சிக்கல். தண்ணீர் 24 முதல் 26 டிகிரி வரை இருந்தால் நல்லது. சில்லர் இல்லாதவர்கள் மின்விசிறி வைப்பார்கள், அது ஆவியாக்கித்தான் குளிர்விக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். ஆவியாகிக் குறைந்த அளவுக்குத் தினமும் ஆர்.ஓ. நீர் மட்டும் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் வேண்டாம். நான்கு நாள் விட்டுவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் முதலில் சொன்ன அதிர்ச்சிதான் மறுபடியும்.

கூட்டாளிகளையும் பாருங்கள். ட்ரிகர், பேத்தை மீன்கள் நட்சத்திர மீனின் கையைக் கடிக்கும். ஹார்லிக்வின் இறாலுக்கு உணவே நட்சத்திர மீன்தான்.

கை உதிர்ந்தால் திரும்ப வளரும் என்று பலர் காத்திருப்பார்கள். கடலில் அடிபட்டு இழந்த கை வளரும், உண்மைதான். தொட்டியில் வெள்ளைத் திட்டு விழுந்து, உடல் தொய்ந்து, கை கரைந்தால் அது பெரும்பாலும் சாவின் தொடக்கம். உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். செத்த உடல் சின்னத் தொட்டியில் ஒரே இரவில் அம்மோனியாவை ஏற்றி மற்ற உயிர்களையும் கொண்டுபோய்விடும்.

வாங்கும் முன் கடைக்காரரைத் தண்ணீருக்குள்ளேயே ஒருமுறை திருப்பிப் போடச் சொல்லுங்கள். குழாய்க் கால்கள் அசைய வேண்டும், சில நிமிடங்களில் தானே நிமிர வேண்டும். தொட்டி புதியது என்றால் இப்போதைக்கு நட்சத்திர மீனின் உறவினமான, மெல்லிய நீண்ட கைகள் கொண்ட பிரிட்டில் ஸ்டார் போதும். மீதி விழும் தீனியைத் தின்று, பாறை இடுக்கில் தாக்குப்பிடித்து வாழும். பச்சை நிறத்தது மட்டும் வேண்டாம், அது ராத்திரியில் சின்ன மீன்களைப் பிடித்துத் தின்னும்.