ஹியூமர் என்றால் முதலில் ஈரம்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள்களைத் தோண்டுவது எப்படி?

போன மாதம் அக்கா மகள் பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தோடு வந்து நின்றாள். "மாமா, ஹியூமரல் இம்யூனிட்டின்னு போட்டிருக்கு. இதுல என்ன ஜோக்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனம் வராமல், "சிரிச்சா நோய் எதிர்ப்பு சக்தி கூடும்ல, அதனால இருக்கும்" என்று அடித்துவிட்டேன். ராத்திரி தேடிப் பார்த்தால், நான் சொன்னது அப்படியே தலைகீழ். சிரிப்பிலிருந்து மருத்துவத்துக்குப் போன சொல் அல்ல அது, மருத்துவத்திலிருந்து சிரிப்புக்கு வந்த சொல். எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். வேறு சொற்களுக்கும் இதே வழிதான்.

படி 1: அகராதியை மாற்றுங்கள்

மாணவர் அகராதியை மூடி வையுங்கள். அதில் இன்று அதிகம் புழங்கும் பொருள் முதலில் வரும். நமக்குப் பழைய பொருளை முதலில் சொல்லும் அகராதி வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி அந்த வகை, ஆனால் சந்தா கட்ட வேண்டும். இலவசம் என்றால் என் ஓட்டு எட்டிம்ஆன்லைன் தளத்துக்கு. பழைய மேற்கோள்கள் வேண்டுமானால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி இருக்கிறது, அதுவும் இலவசம். ஒரு நிமிட வீடியோ பார்த்துச் சொல் வரலாறு படிப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதிக்கு மேல் கட்டுக்கதை.

படி 2: வேரைப் பாருங்கள்

லத்தீனில் 'ஊமோர்' என்றால் ஈரம், நீர்மம். முன்னால் நிற்கும் 'எச்' பிறகு ஒட்டிக்கொண்டது. மண் என்று பொருள்படும் 'ஹூமுஸ்' என்ற சொல்லோடு உறவு இருப்பதாக நினைத்துச் சேர்த்துவிட்டார்கள். உண்மையான உறவுக்காரர், மழைக்காலத்தில் நாம் புழுங்கித் தவிக்கும்போது சொல்கிற 'ஹியூமிட்'.

படி 3: ஆண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று படியுங்கள். அகராதிப் பதிவின் தலையில் '14ஆம் நூற்றாண்டு' என்று இருந்தது. உடனே, அப்போதே ஆங்கிலேயர்கள் நகைச்சுவையை ஹியூமர் என்று சொன்னார்கள் என முடிவுகட்டிவிட்டேன். அந்த ஆண்டு சொல்லுக்கு உரியது, நாம் தேடும் பொருளுக்கு உரியது அல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி வயது உண்டு. உள்ளே இறங்கிப் படித்தால், 14ஆம் நூற்றாண்டில் அது உடலில் ஓடும் நீர்மம். 16ஆம் நூற்றாண்டில் மனநிலை. சிரிப்பு என்ற பொருள் வர 17ஆம் நூற்றாண்டின் கடைசி ஆகிவிடுகிறது.

இதற்கு நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பழைய வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொண்டு, 'இந்த ஹியூமரை டம்ளரில் ஊற்ற முடியுமா?' என்று கேளுங்கள். முடியும் என்றால் மருத்துவப் பொருள். முடியாது என்றால் அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். நோட்டில் மூன்று பத்தி போதும்: ஆண்டு, வாக்கியம், ஊற்றலாமா. கணினியில் அட்டவணை போட்டுப் பார்த்தேன், எனக்கு நோட்டுதான் சரிப்பட்டது.

ஊற்றக்கூடிய ஹியூமர் மொத்தம் நான்கு: ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களில் தொடங்கி, ரோமில் மருத்துவம் பார்த்த கேலன் வழியாக ஐரோப்பா முழுக்க நூற்றாண்டுக் கணக்கில் இந்தக் கணக்குதான். நான்கும் அளவாக இருந்தால் சுகம். ஒன்று ஏறினால் நோய், குணமும் கூடவே மாறும்.

நமக்கு இது புதிதில்லை. 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்று குறள் (941) சொல்வதும் இதே போக்கில்தான். ஆனால் வாத, பித்த, கபத்தை அப்படியே அந்த நான்கோடு பொருத்திவிடாதீர்கள். நான் பொருத்திப் பார்த்து அரை நாள் வீணாக்கினேன். நம் வாதம் காற்று, அதை டம்ளரில் ஊற்ற முடியாது. அவர்களுடைய ரத்தத்துக்கும் கரும்பித்தத்துக்கும் நம் மூன்றில் இடமில்லை.

படி 4: நடுவில் இருக்கும் பாலத்தைத் தேடுங்கள்

நீர்மம், நகைச்சுவை என்று இரண்டு முனையை மட்டும் பிடித்தால் கதை ஒட்டாது. நீர்மத்தின் ஏற்ற இறக்கம் மனநிலை ஆனது. மனநிலை ஒருவரின் தனிக் கிறுக்கு ஆனது. இந்த இடத்தில் பென் ஜான்சன் என்ற நாடகாசிரியர் நமக்குப் பெரிய உதவி. 1599இல் வந்த 'எவ்ரி மேன் அவுட் ஆஃப் ஹிஸ் ஹியூமர்' நாடகத்தின் முன்காட்சியில் ஒரு பாத்திரம் கிட்டத்தட்ட நம் டம்ளர் சோதனையையே செய்கிறது: தன்னைத் தானே அடக்கிக்கொள்ள முடியாமல் ஓடுகிற ஈரம் எதுவோ அதுதான் ஹியூமர், மனிதனின் குணத்தை ஒரே பக்கம் இழுத்துப் போகும் வேகத்துக்கு அது உவமையாகத்தான் ஆகி வந்தது என்று விளக்குகிறது. கையோடு, தொப்பியில் பலநிற இறகு செருகிக்கொண்டு 'இது என் ஹியூமர்' என்று திரிபவர்களை நக்கலடிக்கிறது. கிறுக்கு இருப்பவரைப் பார்த்து ஊர் சிரித்தது. அப்புறம் அந்தக் கிறுக்கைக் கண்டு சிரிக்கவைக்கும் திறமைக்கே பெயர் மாறியது.

சந்தேகம் இருந்தால் சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதியைத் திறந்து பாருங்கள். அப்போதும் முதல் பொருள் ஈரம்தான். வேடிக்கை சில பொருள் தள்ளியே வருகிறது.

படி 5: பழைய பொருள் எங்கே ஒளிந்திருக்கிறது?

கண்ணுக்குள். கருவிழிக்குப் பின்னால் இருக்கும் நீர் அக்வஸ் ஹியூமர், உள்ளே கூழாக இருப்பது விட்ரியஸ் ஹியூமர். இரண்டாவது இடம் அக்கா மகளின் புத்தகம். 1890இல் பேரிங், கிடசாட்டோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், நோய் எதிர்ப்பு பெற்ற விலங்கின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்மம்) இன்னொரு விலங்குக்குச் செலுத்தினால் அதற்கும் பாதுகாப்பு கிடைக்கிறது என்று காட்டினார்கள். பாதுகாப்பு ரத்தத்தின் நீர்மத்தில் இருக்கிறது, அதனால் ஹியூமரல். இல்லை, செல்கள்தான் வேலை செய்கின்றன என்றார் மெச்னிகோவ் என்ற இன்னொரு ஆராய்ச்சியாளர். 1908இல் அவருக்கும், நீர்மக் கட்சியின் ஏர்லிக்குக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள். பாடப்புத்தகத்தில் இரண்டு வகையும் அடுத்தடுத்து இருப்பது இதனால்தான்.

பழகிப் பார்க்க: 'மெலன்கலி', 'ஸாங்குயின்', 'கோலரிக்'. மூன்றிலும் அந்த நான்கு நீர்மங்களில் ஒன்று இருக்கிறது.

பின்சேர்க்கை 1: தேடினால் பாதி மேற்கோள்தான் வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பிரிட்டனில் ஹியூமரின் கடைசி எழுத்துக்கு முன்னால் 'யு' உண்டு, அமெரிக்காவில் கிடையாது. இரண்டு விதமாகவும் தேடுங்கள். ஹியூமரல் என்று நீளும்போது பிரிட்டனிலும் அந்த 'யு' போய்விடும்.

பின்சேர்க்கை 2: மேல்கை எலும்பான ஹியூமரஸும் இதே குடும்பமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை. அது தோள் என்று பொருள்படும் 'ஊமெருஸ்' என்ற வேறு லத்தீன் சொல். அதற்கும் முன்னால் ஒரு 'எச்' வந்து ஒட்டிக்கொண்டதுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். முழங்கையில் இடித்தால் சுரீர் என்று இழுக்கும் இடத்தை ஆங்கிலத்தில் 'ஃபன்னி போன்' என்பார்கள். அக்கா மகளிடம் அதைச் சொன்னதும், "அப்போ ஜோக் இங்கேதான் இருக்கு" என்றாள்.