சைக்கிளில் போனவரைக் கார் இடித்தால்: இழப்பீடு வாங்குவது எப்படி?

என் மாமா கொத்தனார். ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு சைக்கிளில் வேலைக்குப் போனவரைப் பின்னால் வந்த கார் தட்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டபோது, கூட வந்தவர் பதற்றத்தில் "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டாரு" என்று சொல்லிவிட்டார். அது அப்படியே பதிவாகிவிட்டது. கார் மோதியதை நிரூபிக்க அப்புறம் நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. தமிழ்நாட்டில் இந்த வழக்கு எப்படி நடக்கும் என்பதை அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டேன். அதைத்தான் கீழே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வரி

விபத்தில் அடிபட்டு வருபவரின் விவரத்தை ஒரு பதிவேட்டில் எழுதுவார்கள். இதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்பார்கள். அதில் "கார் மோதி" என்ற சொல் இருக்க வேண்டும். வண்டி எண் தெரிந்தால் அதுவும். தெரியாவிட்டால் "அடையாளம் தெரியாத கார்" என்றாவது இருக்கட்டும். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் முதலில் புரட்டுவது இந்தத் தாளைத்தான். "தானாக விழுந்தார்" என்று இருந்தால், "பணத்துக்காக ஒரு வண்டியைச் சேர்த்துவிட்டார்கள்" என்பார்.

சிகிச்சைச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், தனியார் மருத்துவமனைகள் உட்பட, விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசே பார்த்துக்கொள்கிறது.

படி 2: போலீஸ்

நடந்த இடத்திலேயே "கேஸ் வேண்டாம், நான் பார்த்துக்கறேன்" என்று கார்க்காரர் பத்தாயிரமோ இருபதாயிரமோ நீட்டுவார். எலும்பு முறிவின் முழுச் செலவும் அன்றைக்குத் தெரியாது. மறுத்துவிடுங்கள். அடிபட்டவர் எழுந்து வரும் நிலையில் இல்லையென்றால் உறவினரே புகார் கொடுக்கலாம். புகாரை வாங்கிக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்துவிடாதீர்கள், வழக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். வேண்டும். புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம்.

வண்டி எண் கிடைத்தால் அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், காப்பீடு எதுவரை இருக்கிறது என்று தெரியும். விபத்து நடந்த இடம், சாலை, சைக்கிள் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். நெளிந்த சைக்கிளை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பின்சக்கரம் நசுங்கியிருந்தால், கார் பின்னாலிருந்து வந்ததற்கு அதுவே சாட்சி.

கார் நிற்காமல் போய்விட்டது, கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் வழி வேறு. கோட்டாட்சியர் அல்லது தாசில்தாரிடம் விண்ணப்பித்தால், கொடுங்காயத்துக்கு (எலும்பு முறிவு போன்ற பெரிய காயம்) 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கிடைக்கும். குறைவுதான், ஆனாலும் விட்டுவிட வேண்டாம்.

படி 3: எங்கே, எப்போது மனு போடுவது

மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின் கீழ், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். சென்னையில் இது சிறுவழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கும். விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். எதிர்த்தரப்பாகக் கார் உரிமையாளரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் சேர்ப்பார்கள். காப்பீடே இல்லாத கார் என்றால் உரிமையாளர் கையிலிருந்து கட்ட வேண்டும்.

1.4.2022 முதல் சட்டப்படி கெடு ஆறு மாதம். கட்டு பிரிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் இந்த ஆறு மாதம் ஓடியே போய்விடும்.

யார் மேல் தப்பு என்று பார்க்காமல் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் தரும் 164-ஆம் பிரிவும் இருக்கிறது. ஆனால் காப்பீட்டு நிறுவனம் அப்படித் தருவதை நீங்கள் வாங்கிக்கொண்டால் 166 மனு முடிந்துபோகும். காயம் பெரிது என்றால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வக்கீல் விஷயம்: ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆள் வந்து நிற்பார். வரும் பணத்தில் இத்தனை பங்கு என்று பேசுவது வழக்கறிஞர்களுக்கான விதிகளுக்கே எதிரானது. கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100 எண்ணிலும் அழைக்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

படி 4: தொகையைக் கணக்கிடுவது

பெரும்பாலானோர் மருந்துப் பில்களை மட்டும் கட்டி வைக்கிறார்கள். உண்மையில் பெரிய தொகை வருவது வருமான இழப்பில்தான். மருத்துவக் குழு ஊனம் எத்தனை சதவீதம் என்று சான்று தரும். ஆனால் நீதிமன்றம் அதோடு நிற்காது. அந்த ஊனத்தால் அவருடைய தொழில் எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மடங்காத முழங்கால் மேசை வேலைக்காரருக்கு ஒரு தொல்லை, சாரம் ஏறும் கொத்தனாருக்குப் பிழைப்பே போச்சு.

கணக்கு இப்படிப் போகும். 42 வயது, மாதம் 15,000 ரூபாய், சொந்தத் தொழில். எதிர்கால வருமான உயர்வுக்காக 25 சதவீதம் சேர்த்தால் 18,750. வருடத்துக்கு 2,25,000. அதை எத்தனையால் பெருக்குவது என்பது வயதைப் பொறுத்தது, 42 வயதுக்கு 14; ஆக 31,50,000. தொழில் பாதிப்பு 30 சதவீதம் என்று வைத்தால், அதில் 30 சதவீதம் 9,45,000 ரூபாய். இதற்கு மேல் மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் கூலி, ஆட்டோ வாடகை, கூட இருந்து பார்த்தவருக்கு, சத்துணவுக்கு, வலி வேதனைக்கு என்று தனித்தனியாகச் சேரும்.

கூலி வேலைக்குச் சம்பளச் சீட்டு ஏது? மேஸ்திரியையோ வேலை கொடுத்தவரையோ சாட்சி சொல்ல வைக்கலாம். நல வாரிய அட்டை இருந்தால் தொழிலையாவது காட்டும். மாமாவுக்கு உதவியது மேஸ்திரியின் பழைய கணக்கு நோட்டு.

எதிர்த்தரப்பு "சைக்கிள்காரர் எதிர்த்திசையில் வந்தார், விளக்கு இல்லை" என்று வாதிடும். அதில் உண்மை இருந்தால் உங்கள் பங்குத் தவறுக்கு ஏற்பத் தொகையைக் குறைப்பார்கள், முழுதாக மறுக்க மாட்டார்கள். சைக்கிளுக்கு லைசென்ஸும் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது. அது இல்லை என்று யாராவது மிரட்டினால் கண்டுகொள்ள வேண்டாம்.

படி 5: சமரசமா, தீர்ப்பா?

நடுவில், இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) அழைப்பு வரும். அங்கே சீக்கிரம் முடியும், ஆனால் ஒத்துக்கொண்ட பிறகு மேல்முறையீடு கிடையாது. மேலே போட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அவர்கள் சொல்லும் தொகை அதற்கு எவ்வளவு கீழே என்று அப்போதுதான் தெரியும். தீர்ப்பு வரை போனால் மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் சேரும். தீர்ப்புத் தொகை போதாது என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம்.

மாமா சமரசத்துக்குத்தான் ஒத்துக்கொண்டார். ஏ.ஆர். காப்பியில் இருந்த அந்த வரியை வைத்து அவர்கள் குறைத்தது போக மீதிதான் வந்தது.