ஐபி போன்ல எமர்ஜென்சி கால் போட்டா லொகேஷனும் கூடவே போகணும், செட் பண்றது எப்படி?

பழைய லேண்ட்லைன்ல நம்பரும் கம்பியும் ஒண்ணுதான், கால் வந்தா எந்த வீடுன்னு கண்ட்ரோல் ரூம்ல அப்பவே தெரிஞ்சுடும். நெட்வொர்க் வழியாப் பேசற ஐபி போன்ல அது கிடையாது. ஆபீஸ் எக்ஸ்டென்ஷனையே லேப்டாப்ல லாகின் பண்ணி வேற ஊர்ல இருந்து பேசலாம், சர்வருக்குத் தெரியறது ஒரு ஐபி அட்ரஸ் மட்டும்தான். பேச முடியாத நிலைமையில ஒருத்தர் கால் போட்டா, கம்பெனி பேர்ல பதிஞ்சிருக்கற அட்ரஸுக்கு ஆம்புலன்ஸ் போய் நிக்கும், ஆள் வேற எங்கயோ கிடப்பாரு. ஐபி பிபிஎக்ஸ், அதாவது ஆபீஸ் போன்களை இணைக்கற சர்வரை, யார் பார்த்துக்கறீங்களோ தயவுசெஞ்சு இதைத் தள்ளிப்போடாதீங்க.

லொகேஷனுக்கு முன்னாடி டயல் பிளானைப் பாருங்க, அதாவது எந்த நம்பர் அடிச்சா கால் எங்க போகணும்ங்கற செட்டிங்கை. 2013ல அமெரிக்காவுல டெக்சஸ்ல ஒரு ஹோட்டல் ரூம்ல அம்மாவை ஒருத்தன் தாக்கும்போது 9 வயசுக் குழந்தை திரும்பத் திரும்ப 911 அடிச்சிருக்கு, வெளி லைனுக்கு முதல்ல ஒரு 9 அழுத்தணும்னு அதுக்குத் தெரியாததால கால் போகவே இல்ல, அம்மா இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் 2018ல அங்க சட்டமே வந்துச்சு, கரீஸ் லா. உங்க நாட்டுல சட்டம் இருக்கோ இல்லையோ, எமர்ஜென்சி நம்பர் முன்னாடி அந்த 9 மாதிரி பிரிஃபிக்ஸ் போட்டாலும் போகணும், போடலைனாலும் போகணும். போன் லாக்ல இருந்தாலும், அவுட்கோயிங் தடை பண்ணின எக்ஸ்டென்ஷனா இருந்தாலும் இது மட்டும் போகணும்.

இப்போ லொகேஷன். உண்மையான வேலை இங்கதான் இருக்கு. போன் எந்த நெட்வொர்க் ஸ்விட்ச்சோட எந்த போர்ட்ல இருக்கோ அதுதான் அது இருக்கற இடம், அதனால ஒவ்வொரு போர்ட்டும் எந்த பில்டிங், எந்த மாடி, எந்த ரூம்னு ஒரு டேபிள் உங்ககிட்ட இருக்கணும். உட்கார்ந்த இடத்துல போட முடியாது, நடந்து போய் ஒவ்வொரு சாக்கெட்டா சரிபார்க்கணும். டேபிள் ரெடியானா அதை போனுக்குக் கொடுக்க எல்எல்டிபி-மெட்னு ஸ்விட்ச்சும் போனும் பேசிக்கற ஒரு புரோட்டோகால் இருக்கு, ஸ்விட்ச்சே போர்ட் வாரியா அட்ரஸைச் சொல்லிடும். போனுக்கு ஐபி கொடுக்கற டிஹெச்சிபி சர்வர் வழியா, ஆப்ஷன் 99லயும் அட்ரஸ் அனுப்பலாம், போன் கேட்கறதை நடுவுல கடத்தி விடற ரிலே போடற ஆப்ஷன் 82 மூலமா எந்த போர்ட்னு சர்வர் தெரிஞ்சுக்கும். ரெண்டும் ஒத்துவரலைனா ஹெல்டுன்னு ஒரு புரோட்டோகால், ஆர்எஃப்சி 5985 (ஆர்எஃப்சின்னா இன்டர்நெட் ஸ்டாண்டர்டுகளை எழுதி வச்சிருக்கற ஆவணம்), போன் ஹெச்டிடிபில லொகேஷன் சர்வர்கிட்ட "நான் எங்க இருக்கேன்"னு கேட்டு வாங்கிக்கும். வைஃபை போன்னா எந்த ஆக்சஸ் பாயிண்ட்ல ஒட்டியிருக்குன்னு பார்த்து அதோட மாடியைக் கொடுங்க.

விபிஎன்ல கவனம். வெளியில இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர்ற அந்த டனல் ஏறின பிறகு கேட்டா லொகேஷன் சர்வர் விபிஎன் கொடுத்த ஆபீஸ் ஐபியைப் பார்த்து ஆபீஸ் அட்ரஸைத் தூக்கிக் கொடுக்கும், அதனால டனலுக்கு முன்னாடியே லொகேஷனை வாங்கி வச்சுக்கணும். வீட்டுல இருந்து சாஃப்ட்போன் (லேப்டாப்ல ஓடற போன் ஆப்) யூஸ் பண்றவங்களுக்கு நெட்வொர்க் மாறும்போதெல்லாம் அட்ரஸ் கேட்டு கன்ஃபர்ம் பண்ண வைங்க. தொல்லையா இருக்குன்னு சொல்லுவாங்க, பரவாயில்ல.

கால் போகும்போது நம்பரை அப்படியே அனுப்பாம, இது எமர்ஜென்சி கால்னு சொல்ற பொதுப் பேரான எஸ்ஓஎஸ் சர்வீஸ் யூஆர்என்னா மாத்தணும், இது ஆர்எஃப்சி 5031ல இருக்கு. லொகேஷன் பிஐடிஎஃப்-எல்ஓங்கற எக்ஸ்எம்எல்லா, காலைத் தொடங்கற இன்வைட் மெசேஜுக்குள்ள போகும், அது எங்க இருக்குன்னு ஜியோலொகேஷன் ஹெட்டர் காட்டும், ஆர்எஃப்சி 6442. பில்டிங் உள்ளனா தெரு, கதவு எண், மாடி, ரூம்னு எழுத்துல கொடுக்கறதுதான் நல்லது, ஏன்னா வெறும் கோஆர்டினேட்டை வச்சு 7வது மாடியைக் கண்டுபிடிக்க முடியாது. கோஆர்டினேட் கொடுத்தா லாட்டிட்யூட் முதல்ல, லாங்கிட்யூட் அடுத்து, மாத்திப் போட்டா வேற எங்கயோ காட்டும். அப்புறம் இந்த எக்ஸ்எம்எல் சேர்ந்தா இன்வைட் பெருசாயிடும், 1300 பைட் தாண்டினா யுடிபில போகாம டிசிபிக்கு மாறணும்னு ஐபி போன் கால்களை நடத்தற எஸ்ஐபி ஸ்டாண்டர்டே சொல்லுது, மாத்தாம விட்டா பாக்கெட் உடைஞ்சு ஃபயர்வால்ல தொலைஞ்சுபோக வாய்ப்பு அதிகம். உங்க நெட்வொர்க்குக்கும் வெளி நெட்வொர்க்குக்கும் நடுவுல கால்களைச் சரிபார்க்கற எஸ்பிசி, தெரியாத பாடின்னு (மெசேஜ் உள்ளடக்கம்னு) இதை வெட்டி விடுதான்னும் பாருங்க.

எந்த கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்பணும்னு லாஸ்ட் (LoST)ங்கற புரோட்டோகால் பேசற சர்வர் சொல்லும், ஆர்எஃப்சி 5222, அட்ரஸைக் கொடுத்தா அந்த ஏரியா கண்ட்ரோல் ரூமுக்குக் கால் அனுப்பற முகவரி (யூஆர்ஐ) வரும், அட்ரஸ் செல்லுமான்னு முன்கூட்டியே சரிபார்க்கவும் இதுலயே வழி இருக்கு. கால் நேரத்துல மட்டும் கேட்காதீங்க, முன்னாடியே கேட்டு கேஷ்ல வைங்க.

உங்க ஏரியா கண்ட்ரோல் ரூம் இன்னும் பழைய டெலிபோன் லைன்லதான் இருக்குனா இதெல்லாம் அங்க போய்ச் சேராது. அப்போ மாடிக்கு ஒரு நம்பர்னு தனியா எடுத்து, அந்த நம்பருக்கு அந்த மாடி அட்ரஸைச் சர்வீஸ் கொடுக்கறவங்ககிட்ட பதிஞ்சு, எமர்ஜென்சி கால்ல அதையே காலர் ஐடியா காட்டணும். முக்கியமா, அந்த நம்பருக்கு அவங்க திருப்பிக் கூப்பிட்டா கால் போட்ட அதே போன்லதான் மணி அடிக்கணும். ஐவிஆர் ("ஒண்ணை அழுத்துங்க"ன்னு சொல்ற மெஷின் குரல்), வாய்ஸ்மெயில், டூ நாட் டிஸ்டர்ப் எதுலயும் போய் மாட்டக் கூடாது.

டெஸ்ட் பண்ண நிஜ நம்பருக்குச் சும்மா அடிக்காதீங்க, அங்க உண்மையிலேயே உதவி தேவைப்படறவர் லைன்ல காத்திருக்கலாம். டெஸ்ட்டுக்குன்னே தனி எஸ்ஓஎஸ் யூஆர்என் இருக்கு, உங்க புரொவைடர் சப்போர்ட் பண்றாங்களான்னு கேளுங்க, இல்லனா அவங்க மூலமா கண்ட்ரோல் ரூம்ல நேரம் வாங்கிட்டு அடிங்க. அவங்க ஸ்கிரீன்ல என்ன அட்ரஸ் தெரியுதுன்னு வாய்விட்டுப் படிக்கச் சொல்லி உங்க டேபிளோட ஒப்பிடுங்க. ஒரே ஒரு போன்ல பார்த்துட்டு முடிச்சுடாதீங்க, மாடிக்கு ஒண்ணு, வைஃபைல ஒண்ணு, விபிஎன்ல ஒண்ணு. ஸ்விட்ச் மாத்தினாலோ சீட் இடம் மாறினாலோ அந்த வேலையை குளோஸ் பண்றதுக்கு முன்னாடி டேபிளை அப்டேட் பண்ணி அந்த போர்ட்டை மட்டும் திரும்ப டெஸ்ட் பண்ணிடுங்க.