கம்பி இறுக்கின வேம்பு

கொழும்பு வெள்ளவத்தையில எங்கட வீட்டு றோட்டோரம் நிக்கிற வேம்பு போன வருசம் மஞ்சளாகி நுனி காயத் தொடங்கிட்டுது, தண்ணி காணாதாக்கும் எண்டு ஊத்தி ஊத்திப் பாத்தன், சரிவரேல்ல. பிறகு குந்தியிருந்து வடிவாப் பாத்தா, கன்றா இருக்கேக்க தடியோட கட்டின கம்பி பட்டைக்குள்ள புதைஞ்சு கிடக்கு, அடியில சீமெந்தும் தண்டோட ஒட்டப் பூசியிருக்கு. நெஞ்சு பதறிட்டுது. இலை செய்யிற சாப்பாடு பட்டையின்ர உள்பக்கத்தாலதான் வேருக்கு இறங்கும், கம்பி இறுக்கினா வேர் பட்டினி. குறட்டால நறுக்கி, லேசா வந்த துண்டுகளை மட்டும் எடுத்தன், ஒட்டினதை இழுத்தா பட்டை உரிஞ்சிடும். மாநகரசபையில கேட்டுப்போட்டு சீமெந்தை அலவாங்கால உடைச்சு, தண்டில முட்டாமல் தென்னந்தும்பு பரப்பினன். மாசி வெயிலுக்குக் கிழமைக்கு ரெண்டு தரம் தண்ணி, மெதுமெதுவா. சித்திரையில செந்தளிர் விட்டிட்டுது! புதுக் கன்றுகளுக்கு இப்ப தும்புக்கயிறுதான், தடியையும் தண்டையும் சுத்தி 8 இலக்கம் மாதிரித் தளர்வாக் கட்டுறன்.